மீனெல்லாம் எப்படி இருக்கு

அந்தப் பையை ஜன்னல் பக்கம் வைக்காதீங்க தம்பி. வெயில் நேரா விழுது பாருங்க. தண்ணி சூடாயிடுச்சுன்னா ஊர் போய்ச் சேர்றதுக்குள்ள மீனு மல்லாந்துடும். இப்படி நடுவுல வைங்க. என் துண்டைப் போட்டு மூடிக்கலாம். இருட்டா இருந்தா அதுங்க அலட்டிக்காம கெடக்கும்.

கிருஷ்ணகிரியில வாங்கினீங்களா? கோல்டு ஃபிஷ். பாப்பாவுக்கா? நல்லது. வீட்டுக்குப் போனதும் பையை அவுத்து அப்படியே தொட்டியில கொட்டிடாதீங்க. கட்டின பையைக் கொஞ்ச நேரம் தொட்டித் தண்ணியில மிதக்க விடுங்க. ரெண்டு தண்ணியும் ஒரே சூட்டுக்கு வரணும். அப்புறம் பையைத் தொறந்து, தொட்டித் தண்ணிய டம்ளர்ல மொண்டு கொஞ்சம் கொஞ்சமா உள்ள ஊத்துங்க. புது எடத்துக்கு வந்த உயிரு. பழகிக்க நேரம் குடுக்கணுமில்ல.

இல்ல இல்ல, நான் மீன் கடை வச்சிருக்கல. பண்ருட்டியில பிரஸ் வச்சிருக்கேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கருமாதிக் கார்டு. எங்க பக்கம் யார் வீட்ல கல்யாணம்னாலும் பத்திரிகை நம்ம கையால போயிருக்கும். ஓசூர் வரைக்கும் ஒரு வேலையா வந்தேன். திருவண்ணாமலையில எறங்கி பஸ் மாறணும். நீங்களும் திருவண்ணாமலையா? சரி, அப்ப பேசிக்கிட்டே போலாம்.

மீனு எங்க வீட்டுக்கு வந்தது என் சம்சாரம் படுத்தப்போ. அஞ்சலாட்சின்னு பேரு. ரெண்டு கிட்னியும் போயிடுச்சு. கட்டில்ல கெடந்து எதிர்ச் செவுத்தையே பாத்துக்கிட்டிருப்பா. எங்க பொண்ணு வசுமதி, ஒரே பொண்ணு, அப்பதான் வேலைக்குப் போக ஆரம்பிச்சிருந்தா. கெமிஸ்ட்ரி டீச்சர். மொத மாசச் சம்பளத்துல ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கியாந்து அந்தச் செவுத்தோரமா வச்சா. உள்ள ஏஞ்சல்னு ஒரு வகை மீனு விட்டா. தட்டையா, பட்டம் மாதிரி இருக்கும், மேலயும் கீழயும் நீளமா செட்டை. அசையறதே தெரியாம மெதுவாப் போகும். அஞ்சலாட்சி கடைசி மூச்சு வரைக்கும் அதைத்தான் பாத்துக்கிட்டிருந்தா. என்னை ஒரு நாளும் நீ இப்படிப் பாத்ததில்லன்னு நானே கிண்டல் பண்ணுவேன்.

அவ போனதுக்கு அப்புறம் தொட்டிய எடுத்துடலாம்னேன். வசுமதி விடல. பள்ளிக்கூடம் விட்டு வந்தா நேரா அது முன்னால போய் உக்காருவா. நான் பிரஸ்லேர்ந்து வருவேன். ஆளுக்கொரு தட்டைப் போட்டுக்கிட்டு மீனைப் பாத்தபடி சாப்பிடுவோம். பேசிக்கறதெல்லாம் கம்மிதான். எங்க வீட்ல பேசற ஆளு அஞ்சலாட்சி. அவ போயிட்டா, பேச்சும் போயிடுச்சு.

அப்படியே இருந்திருக்கலாம்.

ஒரு நாள் பிரஸ்ல மிஷின் ஓடிக்கிட்டிருக்கு. வசுமதி வந்து நிக்கறா. வேலை நேரத்துல அங்க வரமாட்டா. என்னம்மான்னேன். ஒருத்தனைச் சொன்னா. கூடப் படிச்சவன். ஓசூர்ல கம்பெனி வேலை. பேரைச் சொன்னா. பேரைக் கேட்டாலே தெரியுமில்ல தம்பி, யாரு என்னன்னு. சர்ச்சுக்குப் போற ஆளுங்க. அது மட்டும் இல்ல. அவங்க வேற, நாங்க வேற. உங்களுக்கு வெளக்கிச் சொல்லணுமா என்ன.

"பத்திரிகை நீங்களே அடிச்சுக் குடுங்கப்பா"ங்கறா.

"இந்த மிஷின்ல அந்தப் பேரு ஏறாது"ன்னேன்.

"பேரு ஏறலன்னா பரவாயில்லப்பா. நீங்க வந்தா போதும்"னா.

நான் கையில இருந்த பேப்பரை அடுக்கிக்கிட்டே இருந்தேன். அந்த வேலை முடிஞ்சு மிஷினை நிறுத்தற வரைக்கும் நின்னா. அப்புறம் போயிட்டா. ஊர்ல அத்தனை பேருக்கும் தாம்பூலத் தட்டுல வச்சுக் குடுக்கற பத்திரிகை அடிச்சவன் நான். என் பொண்ணு கல்யாணத்துக்கு ஒரு துண்டுச் சீட்டு கெடையாது. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல முடிஞ்சுது.

வீட்ட விட்டுப் போற அன்னைக்கு என்ன சொன்னா தெரியுமா? வாசல்ல பையை வச்சுட்டுத் திரும்பி வந்தா. ஏதோ சொல்லப்போறா, கால்ல விழப்போறான்னு நான் மொகத்தத் திருப்பிக்கிட்டேன். "அப்பா, மீனுக்கு ரெண்டு வேளை போடணும். ரெண்டு விரல்ல கிள்ளி எடுக்கற அளவுதான். அதிகம் போட்டா தண்ணி கெட்டுடும்." அவ்வளவுதான் தம்பி. பெத்த அப்பன் ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவான்னு ஒரு வார்த்தை கெடையாது. மீனுக்குச் சாப்பாடு எவ்வளவுன்னு சொல்லிட்டுப் போனா.

நான் நெனச்சிருந்தா அன்னைக்கே அதைத் தூக்கிச் சாக்கடையில கொட்டியிருக்கலாம். ஆனா வாயில்லா ஜீவன். அது என்ன பண்ணும்.

கொஞ்ச மாசம் கழிச்சு ஒரு ஞாயித்துக்கிழமை காலையில போன் வந்துச்சு. எடுத்தேன். நானும் பேசல, அவளும் பேசல. மூச்சு மட்டும் கேக்குது. வச்சிடலாம்னு இருக்கேன், "அப்பா, மீனெல்லாம் எப்படி இருக்கு?"ன்னா.

"இருக்கு"ன்னேன்.

"தண்ணி மாத்தினீங்களா?"

"மாத்தினேன்."

"சரிப்பா"ன்னு வச்சிட்டா.

அடுத்த ஞாயித்துக்கிழமை மறுபடி பண்ணினா. அப்படியே பழகிடுச்சு. ஒரு தடவை, "அப்பா, அவரு உங்ககிட்ட..."ன்னு ஆரம்பிச்சா. நான் அங்கேயே வெட்டிட்டேன். "மீனப் பத்திப் பேசறதா இருந்தா பேசு. இல்லன்னா வச்சிடு"ன்னேன். கட் அண்ட் ரைட்டாச் சொல்லிட்டேன். நமக்குன்னு ஒரு கொள்கை இருக்கில்ல. அதுக்கப்புறம் அவ வேற பேச்சு எடுக்கவே இல்ல.

ரெண்டு வருஷம் தம்பி. ஒரு ஞாயித்துக்கிழமை தவறினது கெடையாது. மீனு, மீனு, மீனு. எனக்கு நடுவுல சர்க்கரை ஏறி ஆஸ்பத்திரியில படுத்து எந்திரிச்சேன். கேட்டாளா? கேக்கல. மீனெல்லாம் எப்படி இருக்கு. அவ்வளவுதான்.

அவ கேக்கறதும் சாதாரணமா கேக்கமாட்டா. தொட்டிச் செடியில எலை ஓரம் ஏன்பா மஞ்சளாகுதுன்னு ஒரு வாரம். ஃபில்டர் பஞ்சைக் கொழாய்த் தண்ணியில கழுவலாமா, கூடாதான்னு ஒரு வாரம். எனக்கு எங்க தெரியும்? தெரியாதுன்னு பொண்ணுகிட்டச் சொல்ல வாய் வருமா? விசாரிச்சுச் சொல்றேன்னு வச்சிடுவேன். அந்த வாரத்துல ஒரு நாள் பிரஸ்ஸைச் சாத்திட்டுக் கடலூர் போவேன். அங்க ஒரு மீன் கடை இருக்கு. கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு வருவேன். பஞ்சைக் கொழாய்த் தண்ணியில கழுவக்கூடாது தம்பி, தொட்டியிலேர்ந்து எடுத்த தண்ணியிலதான் அலசணும். கொழாய்த் தண்ணியில மருந்து இருக்கும். பஞ்சுல குடியிருக்கற நல்ல கிருமிய அது கொன்னுடும். ஞாயித்துக்கிழமை நான் இதச் சொல்ல, அவ "அப்படியாப்பா, அப்படியாப்பா"ன்னு கேட்டுக்குவா. டீச்சரு, எங்கிட்டக் கேட்டுத் தெரிஞ்சுக்கறா பாருங்க.

பத்து மணிக்குப் போன் வரும். ஒன்பதுக்கே நான் குளிச்சு, சாமி கும்பிட்டு, டி.வி.யை நிறுத்திட்டு, தொட்டிக்கு முன்னால நாற்காலி போட்டு உக்காந்துடுவேன். அவ திடீர்னு ஏதாவது கேட்டா பாத்துச் சொல்லணுமில்ல, அதுக்காகத்தான்.

அப்புறம் ஒரு நாள் ஏஞ்சல்ல ஒரு ஜோடி முட்டை வச்சுச்சு. நீங்க பாத்ததில்லையே? அகலமான எலையாப் பாத்துத் தேர்ந்தெடுக்கும். வாயால அதச் சுத்தம் பண்ணும். அப்புறம் வரிசை வரிசையா ஒட்டிக்கிட்டே போகும், ஜவ்வரிசி மாதிரி, அதவிடச் சின்னதா. ஆணும் பொண்ணும் மாறி மாறிப் பக்கத்துல நின்னு செட்டையால விசிறிக்கிட்டே இருக்கும். நான் விரலைக் கண்ணாடிகிட்டக் கொண்டு போனாக் கூட மோத வரும்.

அத வசுமதிகிட்டச் சொன்னேன். அந்தப் பக்கம் சிரிக்கறா. ரொம்ப நாள் கழிச்சு அவ சிரிச்சு அன்னைக்குத்தான் கேட்டேன். "அம்மா மீனு ஒழுங்காச் சாப்பிடுதாப்பா?"ங்கறா. "சாப்பிடுது, சாப்பிடுது"ன்னேன். "பத்திரமாப் பாத்துக்கங்கப்பா"ன்னா. பாக்காம என்ன.

ஆனா அந்த முட்டை பொரிக்கல. அடுத்த தடவை வச்சதும் பொரிக்கல. அப்படியே வெள்ளை வெள்ளையாப் பூத்துடுச்சு. உயிர் பிடிக்காத முட்டை அப்படித்தான் பூஞ்சணம் பூத்துப் போயிடும். ஆடி மாசம் அது. ஞாயித்துக்கிழமை போன் வந்துச்சு. கொரல் கம்மிப் போயிருந்துச்சு. ஓசூர் குளிர்ற ஊரு, சளி பிடிச்சிருக்கும்னு நெனச்சேன். மீனெல்லாம் எப்படி இருக்குன்னா. நான் சொன்னேன், இந்தத் தடவையும் முட்டை வெளுத்துப் போச்சுன்னு.

"வெளுத்துப் போனதுக்கு அப்புறமும் அது பக்கத்துல நிக்குமாப்பா?"ங்கறா.

"நிக்கும். ரெண்டு நாளா அங்கயேதான் நிக்குது. விசிறிக்கிட்டே இருக்கு. அதுக்கு எங்க தெரியும், செத்துப்போச்சுன்னு"ன்னேன்.

"அதுக்குத் தெரியும்பா"ன்னா.

"தெரிஞ்சா என்ன, தெரியலன்னா என்ன. மீனுக்கு ஏது மனசு. ரெண்டு நாள் பாக்கும், அப்புறம் அதுவே தின்னுடும். அடுத்த மாசம் வேற வைக்கும். இதுக்கெல்லாம் உக்காந்து அழுதா முடியுமா"ன்னேன்.

லைன் கட்டாயிடுச்சோன்னு ரெண்டு தடவை அலோ அலோன்னேன். மூக்கை உறிஞ்சற சத்தம் மட்டும் கேட்டுச்சு. "சரிப்பா"ன்னு வச்சிட்டா. சளிக்குக் கசாயம் வச்சுக் குடின்னு சொல்லலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. மீனப் பத்தி மட்டும்தான் பேசணும்னு நானே சொல்லியிருக்கேன், நானே மீறலாமா.

அப்புறம் கார்த்திகையில புயல் வந்துச்சே, எங்க பக்கம். உங்களுக்கு இங்க மழையோட போயிருக்கும். எங்களுக்கு முந்திரித் தோப்பெல்லாம் வேரோட சாஞ்சுது. கரண்டுக் கம்பம் ஒண்ணு விடாம விழுந்துடுச்சு. கரண்டு இல்லன்னா தொட்டியில காத்து ஓடாது தம்பி. காத்து இல்லன்னா மீனுக்கு மூச்சு முட்டும். கடைக்காரரு ஒரு வழி சொல்லியிருந்தாரு. சொம்புல தண்ணிய மொண்டு ஒசரத்துலேர்ந்து தொட்டியிலயே ஊத்தணும், விழற வேகத்துல காத்து கலக்கும். வெளிய ஊய்னு அடிக்குது. பின்பக்கக் கூரைத் தகரம் பிச்சுக்கிட்டுப் போயிடுச்சு, மழைத் தண்ணி உள்ள வருது. நான் நாற்காலி மேல ஏறி நின்னு மொண்டு மொண்டு ஊத்தறேன். அன்னைக்குப் பூரா ஊத்தினேன். மறுநாளும் ஊத்தினேன். கை மரத்துப் போச்சு. நாற்காலி ஈரத்துல வழுக்கி விழுந்தேன். இந்தத் தோள்பட்டைதான், இன்னும் மேல தூக்க முடியல. அப்பவும் எழுந்து எடது கையால ஊத்தினேன். கொஞ்சம் கண்ணசந்துட்டேன் போலருக்கு. முழிச்சுப் பாக்கறேன், எல்லாம் மேல வந்து வாயப் பொளந்துக்கிட்டிருக்கு. மறுபடி ஊத்தினேன். ஒண்ணொண்ணா சாஞ்சுது. அந்தப் பொண்ணு ஏஞ்சல் மட்டும் கடைசி வரைக்கும் அந்த எலைகிட்டயே நின்னுச்சு.

அஞ்சலாட்சி பாத்த மீனு தம்பி அதெல்லாம்.

டவர் வந்ததும் மொதப் போன் அவளதுதான். ஞாயித்துக்கிழமை கூட இல்ல, ஏதோ ஒரு நாளு. பதறிக்கிட்டு, "அப்பா, அப்பா"ங்கறா. நான் அலோங்கறேன். ஒரு நிமிஷம் மூச்சு வாங்கிட்டு, "மீனெல்லாம் எப்படிப்பா இருக்கு?"ன்னா.

கூரை போயிடுச்சு, தோள் எறங்கிப் போய் கெடக்கேன், சாப்பிட்டு ரெண்டு நாளாச்சு. கேக்கறது மீனை. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "எல்லாம் செத்துப்போச்சு. ஒண்ணு கூட இல்ல. இனிமே நீ செரமப்பட்டுப் போன் பண்ண வேண்டாம்"ன்னேன்.

"அப்பா, நீங்க..."ன்னு ஏதோ ஆரம்பிச்சா. நான் வச்சிட்டேன்.

அந்த வாரம் ஞாயித்துக்கிழமை போன் அடிச்சுது. எடுக்கல. மீனே இல்ல, எடுத்து என்ன பேசறது? அடுத்த வாரமும் அடிச்சுது. எடுக்கல. அதுக்கு அடுத்த வாரமும் அடிச்சுது. அப்புறம் நின்னுடுச்சு. பாத்தீங்களா தம்பி, மீனு இல்லன்னு ஆனதும் போனும் நின்னுபோச்சு. நான் மொதல்லேர்ந்து சொன்னது சரியாப் போச்சா இல்லையா?

அதுக்கப்புறமும் ஞாயித்துக்கிழமை ஒன்பதுக்குக் குளிச்சுடுவேன். பழக்கம் விடாதில்ல.

தை மாசம் என் கொழுந்தியா வீட்டுக்கு வந்தா. அஞ்சலாட்சியோட தங்கச்சி, கஸ்தூரின்னு பேரு, நெல்லிக்குப்பத்துல இருக்கா. அவதான் வாய் தவறிச் சொன்னா. வசுமதி உண்டாகியிருந்தாளாம். ஆடி மாசம் அஞ்சு மாசத்துல தங்காமப் போயிடுச்சாம். ஓசூர்ல ஆஸ்பத்திரியில படுத்திருந்தாளாம். கஸ்தூரி போய்க் கூட இருந்திருக்கா. "அத்தான், நாங்க வேண்டாம் வேண்டாம்னு சொல்லச் சொல்ல, ஆஸ்பத்திரிக் கட்டில்லேர்ந்து உங்களுக்குப் போன் பண்ணினா. நீங்க என்ன பேசினீங்கன்னு எங்களுக்குத் தெரியாது. போனை வச்சிட்டுச் செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்தவதான், ரெண்டு நாளு யாரோடயும் பேசல"ன்னா.

எப்படி இருக்கும் தம்பி எனக்கு? சித்திகிட்டச் சொல்லியிருக்கா. ஊருக்கே சொல்லியிருக்கா. பெத்த அப்பன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. அந்த ஞாயித்துக்கிழமையும் போன் பண்ணியிருக்கா, அப்பவும் சொல்லல. மீன் முட்டையப் பத்திக் கேட்டுட்டு வச்சிட்டா.

ஏன் அப்படிப் பாக்கறீங்க?

அவ மீன் முட்டையப் பத்தித்தான் கேட்டா. நானும் மீன் முட்டையப் பத்தித்தான் சொன்னேன். வேற எதப் பத்தியும் நான் சொல்லல. எனக்குத் தெரியுமா என்ன. தெரிஞ்சிருந்தா அப்படிச் சொல்லியிருப்பேனா.

சரி விடுங்க. தண்ணி இருக்கா? கொஞ்சம் குடுங்க.

ஏன் எங்கிட்டச் சொல்லலன்னு நேர்லயே கேட்டுட்டு வந்துடலாம்னுதான் கெளம்பினேன். அதுக்கு மட்டும்தான். வெறுங்கையோட போகக்கூடாதுன்னு முந்திரி ரெண்டு கிலோ கட்டிக்கிட்டேன். கஸ்தூரிகிட்ட விலாசம் வாங்கி, இன்னைக்கு மத்தியானம் ஓசூர் போய் எறங்கினேன்.

அவ பள்ளிக்கூடம் போயிருந்தா. அந்தப் பையன்தான் கதவத் தொறந்தான். காலை ஷிப்டு முடிச்சு வந்தவன் போல, லுங்கியோட நின்னான். என்னைப் போட்டோவுல பாத்திருப்பான். அப்புறம், "வாங்க மாமா"ன்னு நாற்காலியத் தொடச்சுப் போட்டான். ஒரு சொம்புல தண்ணி கொண்டாந்து குடுத்தான். அந்த வீட்டுத் தண்ணி குடிக்கமாட்டேன்னு ஒரு காலத்துல சொன்னவன்தான் நான். ஆனா வெயில்ல வந்திருக்கேன், குடிச்சேன். "வசுவுக்குப் போன் பண்றேன் மாமா, உடனே வந்துடுவா"ன்னான். "வேண்டாம், வர்ற நேரத்துக்கு வரட்டும்"ன்னேன்.

அப்பதான் பாத்தேன். கூடத்துல இந்த மூலையிலேர்ந்து அந்த மூலை வரைக்கும் ஒரு தொட்டி. நீல வெளிச்சம். நான் வச்சிருந்ததெல்லாம் அதுக்கு முன்னால எம்மாத்திரம். உப்புத்தண்ணித் தொட்டி தம்பி. கடல்ல இருக்குமே பவளப்பூ, அது உசுரோட, பாறை பாறையா, பச்சையும் ஊதாவுமா விரிஞ்சு ஆடுது. ஆரஞ்சு நெறத்துல வெள்ளைப் பட்டை போட்ட மீனு அந்தப் பூவுக்குள்ளயே பூந்து பூந்து வருது. கடலூர்க் கடைக்காரரு சொல்லுவாரு, உப்புத்தண்ணி வைக்கறது சாதாரண ஆளால முடியாது, உப்பு ஒரு சிட்டிகை கூடினாலும் பூவெல்லாம் கரைஞ்சு போயிடும், பெரிய படிப்பு வேணும்னு.

"இது யாரு வச்சிருக்கறது?"ன்னேன்.

"அவதான் மாமா. இங்க வந்த வருஷமே ஆரம்பிச்சுட்டா. இந்த ஏரியாவுல மீன் வளக்கறவங்க எல்லாம் ஒரு சந்தேகம்னா அவகிட்டதான் வருவாங்க"ன்னான்.

"அப்ப ஃபில்டர் பஞ்சை எதுல கழுவணும்னு அவளுக்குத் தெரியாதா?"ன்னேன்.

அந்தப் பையன் என்னையே பாத்தான். அப்புறம் கீழ குனிஞ்சுக்கிட்டு, "தெரியும் மாமா"ன்னான்.

"எலை ஏன் மஞ்சளாகுதுன்னு?"

"தெரியும் மாமா."

"பின்ன ஏன் ரெண்டு வருஷமா எங்கிட்டக் கேட்டா?"

"ஞாயித்துக்கிழமையானா போனை எடுத்துக்கிட்டு மாடிக்குப் போயிடுவா மாமா. எங்களை யாரையும் கிட்ட விடமாட்டா. பேசிட்டு எறங்கி வரும்போது சிரிச்சுக்கிட்டே வருவா. அன்னைக்குப் பூரா நல்லா இருப்பா"ன்னான்.

சிரிச்சிருக்கா தம்பி. கேட்டுக்கங்க. நான் கடலூருக்கு அலைஞ்சு அலைஞ்சு விசாரிச்சுட்டு வந்து சொல்வேன். எல்லாம் தெரிஞ்சவ, "அப்படியாப்பா, அப்படியாப்பா"ன்னு கேட்டுட்டு, எறங்கி வந்து சிரிச்சிருக்கா. பெத்த அப்பனை வச்சு வெளையாடியிருக்கா. ஒரு மனுஷனுக்கு இதவிட அவமானம் வேணுமா? நீங்களே சொல்லுங்க.

நீங்க ஒண்ணும் சொல்லமாட்டேங்கறீங்க.

எழுந்துட்டேன். முந்திரிய மேசை மேல வச்சேன். அந்தப் பையன், "மாமா, அரை மணி நேரம் இருங்க, அவ வந்துடுவா, உங்களைப் பாக்கலன்னா தாங்கமாட்டா"ன்னு கையப் பிடிக்காத கொறையாக் கெஞ்சினான். "எனக்கு பஸ்ஸு இருக்கு"ன்னேன். செருப்பை மாட்டிக்கிட்டு வந்துட்டேன். தெரு முனை வரைக்கும் பின்னாலயே வந்தான், போனைக் காதுல வச்சுக்கிட்டு. வண்டியில கொண்டு விடறேன்னான். வேண்டாம்னுட்டேன்.

பஸ் ஸ்டாண்டு வந்து இந்த பஸ்ஸுல ஏறி, இதோ நீங்க உக்காந்திருக்கீங்களே, இந்த ஜன்னல் சீட்டுலதான் உக்காந்தேன். நீங்க ஏறும்போதுதான் இந்தப் பக்கம் தள்ளி உக்காந்தேன். டிரைவர் வண்டிய எடுக்கறாரு. அப்ப ஒரு ஸ்கூட்டர் உள்ள வந்துச்சு. வசுமதிதான். பள்ளிக்கூடச் சேலை, கழுத்துல அடையாள அட்டை தொங்குது. வண்டிய ஸ்டாண்டு கூடப் போடல, அப்படியே சாச்சுட்டு எறங்கினா. ஒவ்வொரு பஸ்ஸாப் போய் எட்டிப் பாக்கறா. ஜன்னல் ஜன்னலாப் பாக்கறா. ரொம்ப எளைச்சுட்டா தம்பி. அவ அம்மா படுக்கறதுக்கு முன்னால அப்படித்தான் இருந்தா. கன்னமெல்லாம் ஒட்டிப்போய்.

எங்க பஸ்ஸு திரும்பும்போது அவ நின்ன எடத்தை ஒட்டித்தான் திரும்புச்சு. கைய நீட்டினா தொட்டிருக்கலாம். அவ அந்தப் பக்கத்து பஸ்ஸைப் பாத்துக்கிட்டிருந்தா. "அம்மாடி"ன்னு ஒரு கொரல் குடுத்திருந்தா போதும். கம்பியில தட்டியிருந்தாக் கூடத் திரும்பியிருப்பா.

கூப்பிட்டு என்ன பேசறது தம்பி? மீனுதான் இல்லையே. வேற எதப் பத்தி நாங்க பேசியிருக்கோம், இப்ப புதுசாப் பேச.

போனு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. நீங்க ஏறறதுக்கு முன்னால அணைச்சு வச்சேன்.

செங்கம் வந்துடுச்சா? அப்ப திருவண்ணாமலை இன்னும் கொஞ்ச தூரம்தான். தம்பி, ஒண்ணு கேக்கறேன். நீங்க இந்த லைன்ல போய் வர்றவரு. திருவண்ணாமலையிலேர்ந்து ஓசூருக்குத் திரும்பிப் போக, பொழுது சாஞ்சப்புறமும் பஸ் உண்டா?

இருக்கா. ஒண்ணு போனா ஒண்ணா.

இல்ல, சும்மா கேட்டேன். எனக்கு எதுக்கு. பண்ருட்டி போகணும், பிரஸ்ல வேலை கெடக்கு. சும்மாதான் கேட்டேன்.